கழிவுநீர்க் கசடு நிலையமும் நம் மக்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா மேடையிலே சாக்கடையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். மாலையும் வாழ்த்தும் நிறைந்த அவையில் மலக்கசடு பற்றிய பேச்சு பொருந்துமா என்று கேட்கக்கூடும். பொருந்தும் என்பதே நம் விடை. ஊரார் கழித்ததை அள்ளும் வேலை யார் தலையில் சுமத்தப்பட்டது? அள்ளியது எங்கே கொட்டப்பட்டது? கொட்டிய இடத்தின் அருகே யார் குடியிருந்தனர்? இம்மூன்று வினாக்களுக்கும் இந்நாட்டு வரலாறு ஒரே விடையைத்தான் தந்திருக்கிறது. அந்த விடையை மாற்றுதற்கென்றே நம் கல்விக் கழகம் தோன்றியது. ஆகவே இப்பொருளைப் பேசுதற்கு இதனினும் தக்க அவை வேறில்லை.

நகரங்கள் பெருகி வருகின்றன. பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் வீட்டுக்கு வீடு மலத்தொட்டி கட்டப்பட்டு, அது நிறைந்ததும் லாரி வந்து உறிஞ்சிச் செல்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள இடங்களில் குழாய் வழியே கழிவுநீர் ஓரிடம் சென்று சேர்கிறது. இவ்வாறு திரளும் கழிவுநீரையும் கசட்டையும் எங்கேனும் தூய்மைப்படுத்தியாக வேண்டும். அதற்கு நிலையம் வேண்டும். நிலையத்துக்கு நிலம் வேண்டும். நிலம் தேடிப் புறப்படும் கால்கள் பெரும்பாலும் நம் குடியிருப்பை நோக்கியே நடக்கின்றன. மக்கள் திரண்டு நின்று, ‘இங்கே வேண்டாம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னே நிற்கும் நியாயம் யாது, எவ்வாறு சொன்னால் அச்சொல் நிலைபெறும் என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளாகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கழிவைத் தூய்மைப்படுத்தும் நிலையத்துக்கு நாம் பகைவர் அல்லர். உண்மையைச் சொன்னால், அப்படிப்பட்ட நிலையமும் இயந்திரமும் வேண்டுமென்று மற்றெல்லாரினும் உரத்துக் கேட்க வேண்டியவர்கள் நாமே. இயந்திரம் இறங்காத குழியில் மனிதன் இறங்குகிறான்; அம்மனிதன் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கிறான். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. அது போதாமையால், சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதையும் குற்றமாக்கும் புதிய சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாளாகிய டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது; 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. 1993 முதலான சாக்கடைச் சாவுகளைத் தொகுத்த தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையத்தின் பட்டியலில், 200க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. இந்த முதலிடம் நமக்கு நாணம் தருவதன்றி வேறென்ன?

ஆதலால், ‘எந்த நிலையமும் எங்கும் வேண்டாம்’ என்னும் முழக்கம் நம் முழக்கமாதல் இயலாது. அது நம் பிள்ளைகளை மீண்டும் குழிக்குள் அனுப்பும் முழக்கமாகிவிடும். நம் கேள்வி வேறு. ஊர் முழுவதும் கழித்ததைத் தாங்கும் இடம் ஏன் எப்போதும் நம் குடியிருப்பின் ஓரமாகவே இருக்க வேண்டும்? வந்தேதான் தீரும் என்றால், அது எவ்வகையில், யார் கண்காணிப்பில், என்ன உறுதிப்பாட்டுடன் வர வேண்டும்? இவ்விரண்டு கேள்விகளையும் அறிவோடு கேட்டல் வேண்டும். அறிவோடு கேட்பதற்கு அந்த நிலையத்துள் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

நகரத்துச் சாக்கடை நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் நீரே. எஞ்சிய சிறு பங்கே தீங்கு செய்வது. நிலையத்துக்குள் வரும் நீர் முதலில் கம்பித் தடுப்பைக் கடக்கிறது; துணியும் நெகிழியும் அங்கே தங்குகின்றன. பின்னர் மணல் படிகிறது. அடுத்து, பெரிய தொட்டிகளில் காற்று செலுத்தப்படுகிறது. காற்றை உண்டு வளரும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள அழுக்கைத் தின்று பெருகுகின்றன. அவை திரண்டு அடியில் படிவதே கசடு. தெளிந்த நீர் வெளியேறும். ஆனால் தெளிந்த நீரிலிருந்து பிரிந்த கேடெல்லாம் அந்தக் கசட்டில் குடிபுகுந்துவிடும் என்பதை மறத்தலாகாது. நீர் தூய்மையாயிற்று என்றால் கேடு அழிந்தது என்று பொருளன்று. இடம் மாறியது என்றே பொருள்.

அக்கசட்டில் மூன்று வகைத் தீங்குகள் உள்ளன. முதலாவது, நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் விரல்நகம் வழியே அது வயிற்றை அடையும். போதிய நாள் உலர்த்துவதாலும், குப்பையோடு கலந்து மக்கவைத்துப் பலநாள் கடுஞ்சூடு ஏற்றுவதாலும் அது அழியும். இரண்டாவது, வாயுக்கள். காற்றுப் புகாத கசடு அழுகும்போது எரிவாயுவாகிய மீத்தேனும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும் எழும். மீத்தேனை மூடிய கலத்தில் பிடித்தால் எரிபொருளாகும். ஹைட்ரஜன் சல்பைடோ குறைந்த அளவில் நாறும். மிகுந்த அளவில் மூக்கின் உணர்வையே கொன்றுவிட்டு ஆளையும் கொல்லும். சாக்கடைக் குழிகளில் நம் இளைஞர்களின் உயிரைக் குடித்தவற்றுள் முதன்மையானது இதுவே. மூன்றாவது, ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள். வீட்டுக் கழிவில் இவை அரிது. தொழிற்சாலைக் கழிவு கலந்தால் மிகும். நுண்ணுயிர் இவற்றைத் தின்று அழிப்பதில்லை; வெயில் உலர்த்தி அழிப்பதில்லை. இவை கலந்த கசட்டை உரமென்று வயலில் இட்டால் மண்ணில் தங்கிப் பயிரில் ஏறும்.

இத்தனையும் கூறியது அச்சுறுத்துவதற்கன்று. முறையாக இயக்கினால் இத்தீங்குகள் யாவும் அடக்கக்கூடியவையே. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில், லாரிகள் கொணரும் மலக்கசட்டை உலர்களங்களில் வடித்து உலர்த்தும் நிலையம் தமிழ்நாட்டில் முதன்முதலாக அமைக்கப்பட்டது. மலக்கசட்டைக் கண்ட இடத்தில் கொட்டாமல் இத்தகைய நிலையங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நெறிமுறைகளைத் தமிழக அரசு 2014இலேயே வெளியிட்டது. நெறி இல்லாமையன்று, நெறியை நடத்துவோர் இல்லாமையே பல இடங்களில் குறை. அந்தக் குறையின் பயன் யார் வாசலில் விழுகிறது என்பதில்தான் சாதி நுழைகிறது.

‘நீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்? குழாயை மேட்டுக்கு ஏற்ற முடியுமா?’ என்று பொறியாளர் கேட்பார். அவர் கூற்று பொய்யன்று. சாக்கடைக் குழாய் சரிவில் ஓட வேண்டும். மேட்டில் ஏற்றினால் மின்செலவு கூடும். ஆயின் அந்தப் பள்ளத்தில் நம்மைக் குடியமர்த்தியது யார்? மேட்டு நிலம் ஊருக்கு, தாழ்ந்த நிலம் சேரிக்கு என்று வகுத்தது நீரோட்டமா? ஏரிக்கரையையும் ஓடைக்கரையையும் சுடுகாட்டையும் அடுத்துள்ள புறம்போக்கில் நம் முன்னோர் குடிசை கட்டியது விரும்பியா? செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றி அளித்த அறிக்கையில், சொந்தமாகக் குடியிருக்க ஓரடி மண்ணும் இன்றி நம் மக்கள் நின்ற நிலை அரசாங்கத்தின் முன் வைக்கப்பட்டது. அதன் பயனாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்களிலும் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்குப் போன கதையை நீங்கள் அறிவீர்கள். ஆகவே நிலத்தின் சரிவு இயற்கையின் செயல். அச்சரிவின் அடியில் நாம் இருப்பது சமுதாயத்தின் செயல். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது நேர்மையாகாது.

நம் மாவட்டத்துக்கு இது மிகப் பொருந்தும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எனப் பல ஆறுகள் கடலைத் தேடி வரும் கடைமடை நிலம் இது. சிதம்பரம் வட்டாரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட சமதளம். ஐப்பசி, கார்த்திகையில் மேலிருந்து வெள்ளமும் கீழிருந்து கடலோதமும் ஒருங்கே நெருக்கும்போது நீர் வடிய வழியின்றி வீட்டுக்குள் நிற்கும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பரில் தானே புயலும், 2015 நவம்பரில் பெருவெள்ளமும் வந்ததை நாம் கண்டோம். இத்தகைய நிலத்தின் ஆகத் தாழ்ந்த மூலையில் திறந்த கசடுக் களம் அமைத்தால், ஒரே இரவு மழையில் அக்கசடு முழுவதும் அடுத்த தெருவின் கிணற்றிலும் அடுப்படியிலும் வந்து நிற்கும். எனவே நம் எதிர்ப்பு மனத்தாங்கல் மட்டும் அன்று. நீரின் போக்கை அறிந்த எதிர்ப்பு அது.

இனி, கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையிலேயே நமக்கொரு பாடம் விரிந்து கிடக்கிறது. பழைய நகரைத் தாண்டியதும் உப்பனாற்றங்கரையை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்குகிறது. 1980களில் அது வந்தபோது வேலை வரும், வளம் வரும் என்றனர். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், சொன்னஞ்சாவடி, பச்சையாங்குப்பம் முதலிய ஊர்களில் தாழ்த்தப்பட்டோரும் மீனவரும் உழவரும் வாழ்ந்தனர். வந்தது இரசாயன ஆலைகள். கிணற்று நீர் நிறம் மாறியது. ஆற்றில் மீன் அருகியது. இரவுகளில் நாற்றம் மூச்சை அடைத்தது. 1998இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த நீதியரசர் நயினார் சுந்தரம் நேரில் வந்து பார்த்து, அம்மக்களின் இன்னலை அறிக்கையாகப் பதிவுசெய்தார்.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் மனத்தில் கொள்ளத் தக்கது. ‘நாறுகிறது’ என்று மக்கள் முறையிட்டபோதெல்லாம், ‘என்ன நாற்றம், எப்போது, எந்த ஆலையிலிருந்து?’ என்று அலுவலர் திருப்பிக் கேட்டனர். விடையின்றி முறையீடு திரும்பியது. அப்போது அந்த ஊர்களின் ஆண்களும் பெண்களும் ஒரு பயிற்சி பெற்றனர். நாற்றம் எழுந்த நாள், நேரம், காற்றின் திசை, நாற்றத்தின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினர். மூடியிட்ட வாளி ஒன்றினுள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். 2004இல் வெளியான அந்த ஆய்வில் 22 நச்சு இரசாயனங்கள் காணப்பட்டன; அவற்றுள் எட்டு புற்றுநோய் விளைவிப்பவை. பட்டம் பெறாத கைகள் பிடித்த காற்று அது. அதன்பின் ‘நாற்றம் உங்கள் கற்பனை’ என்று எவரும் சொல்லக்கூடவில்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, 70ஐத் தாண்டினாலே மிகக் கடுமை எனப்படும் அளவுகோலில் கடலூர் 77.45 பெற்றது.

துன்பம் அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2021 மே மாதம் அங்குள்ள ஓர் ஆலையில் நேர்ந்த விபத்தில் நால்வர் மாண்டனர். 2025 மே மாதம் மற்றோர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, குடிகாட்டு வீடுகளுக்குள் கழிவுநீர் பாய்ந்து பலர் காயமுற்றனர். தோழர்களே, வெடித்தது நஞ்சு செய்யும் கலம் அன்று. கழிவைத் தேக்கிவைத்த தொட்டி. தூய்மைப்படுத்தும் இடம் என்பதாலேயே அது தீங்கற்றது என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுமோ?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில், ஹட்சன் ஆற்றங்கரையில் பெரியதொரு கழிவுநீர் நிலையம் அமைக்கத் திட்டமிட்டபோது, முதலில் எண்ணிய இடம் வசதி படைத்தோர் வாழும் பகுதியை ஒட்டியிருந்தது. பின்னர் அது வடக்கே நகர்த்தப்பட்டுக் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதிக்கு வந்து சேர்ந்தது. 1986இல் நிலையம் இயங்கத் தொடங்கியதும் நாற்றத்தால் மக்கள் அல்லலுற்றனர். 1988இல் சாலையை மறித்துச் சிறைப்பட்டனர்; பின் அமைப்பு கட்டி வழக்காடினர். 1993 இறுதியில் நகராட்சி இறங்கிவந்தது. நாற்றத்தைத் தடுக்கும் பணிகளுக்கு உடன்பட்டது. அப்பகுதி மக்கள் நலனுக்கென 11 லட்சம் டாலர் நிதி ஒதுக்கியது. பணிகளைக் கண்காணிக்கும் இடமும் மக்கள் அமைப்புக்குக் கிடைத்தது. நிலையத்தை அவர்களால் அகற்ற இயலவில்லை. ஆனால் அதைக் கேள்வி கேட்கும் உரிமையை வென்றெடுத்தனர்.

அதே நாட்டில் 1982இல் வட கரோலினா மாநிலத்தின் வாரன் வட்டாரத்தில், கறுப்பின மக்கள் மிகுந்த ஊரில் நச்சு மண்ணைப் புதைக்க லாரிகள் வந்தபோது, மக்கள் சாலையில் படுத்து மறித்தனர். 500க்கும் மேற்பட்டோர் கைதாயினர். நம் அண்டையில் கோழிக்கோட்டு வெள்ளயில் கடற்கரைப் பகுதியில் 2022இல் கழிவுநீர் நிலையம் அமைக்க முற்பட்டபோது, நெருக்கமான குடியிருப்புக்கு நடுவே அது வேண்டாமென்று மக்கள் கடுமையாகப் போராடினர். நிறமும் மொழியும் வேறு. நிலையம் தேடிச் செல்லும் வாசல் மட்டும் எளியவர் வாசலாகவே இருக்கிறது.

ஆகவே ஓர் ஊரில் இத்தகைய நிலையம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் நாம் என்ன செய்தல் வேண்டும்? முதலில் வினாக்களை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழிக் கேள்விக்கு வாய்மொழி விடையே வரும். அது காற்றோடு போகும்.

ஒன்று: இந்த இடம் ஏன் தெரிவு செய்யப்பட்டது? வேறு எந்த இடங்கள் பார்க்கப்பட்டன? அவை எக்காரணத்தால் விலக்கப்பட்டன?

இரண்டு: நிலத்தின் வகை என்ன? பஞ்சமி நிலமா, மேய்ச்சல் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா? வருவாய்த் துறைப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது?

மூன்று: நாளொன்றுக்கு எத்தனை லட்சம் லிட்டர்? வீட்டுக் கழிவு மட்டுமா, மருத்துவமனை, தொழிற்சாலைக் கழிவும் கலக்குமா? லாரி வருமாயின் எத்தனை, எந்தத் தெரு வழியாக, எந்நேரத்தில்?

நான்கு: கசடு எத்தனை நாள் உலர்த்தப்படும்? புழு முட்டைக்கும் உலோகத்துக்கும் சோதனை உண்டா? உலர்ந்த கசடு யாரிடம், எங்கே செல்லும்?

ஐந்து: 2015ஆம் ஆண்டு வெள்ளம் அந்த இடத்தில் எவ்வளவு உயரம் நின்றது? களத்தின் கரை அதற்கு மேல் எழுப்பப்படுமா? மின்சாரம் நின்றால் கழிவுநீர் எங்கே திறந்துவிடப்படும்?

ஆறு: யார் இயக்குவர்? சோதனை முடிவுகள் மாதந்தோறும் தமிழில் எழுதி வாயிலில் வைக்கப்படுமா? தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் பெயர் என்ன?

இவ்வினாக்களைக் கேட்பதற்குக் கருவிகள் நம் கையில் உள்ளன. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, இத்தகைய நிலையம் அமைக்கவும் இயக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். அந்த இசைவாணையின் நிபந்தனைகளை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாம் கேட்டுப் பெறலாம். கடலோரத்தையும் கழிமுகத்தையும் ஒட்டிய இடமாயின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். ஒன்றை மட்டும் அறிந்திருத்தல் நன்று. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கட்டாயமாக்கும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் நகரக் கழிவுநீர் நிலையம் இடம்பெறவில்லை. ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்றால், ‘கேட்கத் தேவையில்லை’ என்று விடை வரலாம். அதனால்தான் கிராம சபை நமக்கு இன்றியமையாதது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் நம் மக்கள் திரளாகச் சென்று, தீர்மானத்தை நம் சொற்களில் எழுதவைத்துப் படியெடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும். முறை தவறினால் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

மற்றொரு சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மை இழிவுபடுத்தவோ தொல்லைப்படுத்தவோ எண்ணி நம் வளாகத்திலோ அக்கம்பக்கத்திலோ மலத்தையும் கழிவையும் கொட்டுவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் விரிவாக்கியது. அரசு முறைப்படி அமைக்கும் ஒரு நிலையத்தை இச்சட்டத்தால் தடுத்துவிடலாம் என்று எண்ணிவிட வேண்டா. அங்கே தீய எண்ணத்தை மெய்ப்பித்தல் எளிதன்று. ஆனால் இரவில் விளக்கணைத்து வந்து நம் குளக்கரையில் மலத்தொட்டிக் கழிவைத் திறந்துவிடும் லாரிக்காரர் செய்கையை நாம் வெறும் தொல்லை என்று விட்டுவிடக் கூடாது. வண்டியெண்ணும் நேரமும் குறித்துக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் முறையிட வேண்டும்.

‘இவர்கள் வளர்ச்சிக்குத் தடை’ என்று சிலர் பழிப்பர். ‘நிலையம் வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கே வேலை’ என்று சிலர் ஆசை காட்டுவர். பழிக்கு அஞ்ச வேண்டா; ஆசைக்கு மட்டும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். என்ன வேலை என்று கேளுங்கள். கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து கருவிகளை நோக்கும் வேலையா? ஆய்வுக்கூட மேசையில் நீரைச் சோதிக்கும் வேலையா? அன்றி மண்வெட்டி பிடித்துக் கசட்டை வாரும் வேலையா? ஊதியம் வரும் என்பதற்காகப் பழைய வேலையைப் புதிய பெயரில் ஏற்றுக்கொள்வோமாயின், பாட்டன் சுமந்த கூடையைப் பேரன் கையில் கொடுத்தவர்களாவோம். நிலையம் வருமாயின் அதன் வேதியியலாளரும் இயக்குநரும் நம் பிள்ளைகளிடமிருந்து வரட்டும்; கசட்டை இயந்திரம் வாரட்டும்.

இன்னொரு கடமை நமக்கு உண்டு. ஊரார் எதிர்த்து வென்றால் நிலையம் சேரிப் பக்கம் நகர்கிறது. இது நாம் பட்டறிந்த வழக்கம். நாம் எதிர்த்து வென்றால் அது எங்கே நகரும்? பிச்சாவரம், கிள்ளைப் பகுதிகளில் வாழும் இருளர் குடியிருப்பின் ஓரமா? படகு கட்டும் மீனவர் துறையிலா? நம் வாசலிலிருந்து தள்ளி, நம்மினும் குரல் குறைந்தவர் வாசலில் வைப்பது வெற்றியாகாது. எந்தக் குடியிருப்புக்கும் போதிய தொலைவில், வெள்ளம் எட்டாத இடத்தில், முறையான காப்புடன் அமையட்டும் என்பதே நம் கோரிக்கையாதல் வேண்டும். நகரத்தின் கழிவுக்கு நகரமும் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு பகுதியின் கழிவையும் அந்தந்தப் பகுதியிலேயே சிறு நிலையங்களில் தூய்மைப்படுத்தும் வழியும் உண்டு. கழித்தவர் தம் கழிவை அருகிருந்து காணும்போது, அதை நன்கு பராமரிக்கும் அக்கறையும் தானே பிறக்கும்.

கல்விக் கழகப் பெரியோர்களே! சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் பள்ளியைத் தொடங்கியபோது, எழுத்தறிவே நம் மக்களுக்குக் கிட்டாத கனியாக இருந்தது. காட்டுமன்னார்கோயில் பகுதி தந்த பெருந்தலைவர் எல். இளையபெருமாள், நாடெங்கும் சென்று தீண்டாமையின் கொடுமைகளைத் திரட்டி, 1969இல் அரசிடம் அளித்த குழு அறிக்கை, நம் துயரத்தைப் பதிவாக்கும் பணிக்கு வழிகாட்டியது. ஒருவர் எழுத்தைக் கொடுத்தார். மற்றவர் அந்த எழுத்தால் என்ன செய்யலாம் என்று காட்டினார். அவ்வழியில் நாம் இன்று செய்யத் தக்க சில பணிகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

நம் மாணவர்கள் வாழும் ஒவ்வோர் ஊரிலும் கிணறும் கைப்பம்பும் எத்தனை, அவற்றின் நீர் எப்படி என்பதை ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், பதிவுசெய்வோம். நிலையம் வருமுன் நீர் எப்படி இருந்தது என்னும் சான்று கையில் இருந்தால்தான், வந்தபின் கெட்டது என்று மெய்ப்பிக்க முடியும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அத்தகைய நிறுவனங்களின் அறிஞர்களை நம் வகுப்பறைக்கு அழைத்து, நீரைச் சோதிக்கும் முறையைக் கற்போம். ஊர்தோறும் நிலப் பதிவேட்டின் படிகளைத் திரட்டிக் கழக நூலகத்தில் வைப்போம். வேதியியலும் பொறியியலும் சட்டமும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, ‘படித்து முடித்து எங்கே போவாய்?’ என்பதோடு, ‘உன் ஊர்க் கிணற்றுக்கு என்ன செய்வாய்?’ என்னும் கேள்வியையும் சேர்த்துக் கொடுப்போம்.

குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் மக்கள் குறிப்பேடும் வாளியும் கொண்டு செய்ததை, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி பரப்பிவரும் நம் கழகம் இன்னும் சிறப்பாகச் செய்ய இயலும். இவ்விழா முடிந்து கலையுமுன், இங்கு வந்திருக்கும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இப்பணிக்குத் தம் பெயரைப் பதிவுசெய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம். வாயிலருகே அதற்கென ஏடு வைக்கப்பட்டுள்ளது.